பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடாதீர்கள்

"நாங்கள் தோட்டம் துரவோடு கிடக்கிற சனம். பிள்ளையளின்ரை படிப்பு வாத்திமாரின்ரை பாடு." குடியேற்றம் ஒன்றிலே புதிதாகப் பாடசாலை தொடங்கும்போதெல்லாம் பெற்றாரிடமிருந்து வருகின்ற பேச்சு இது. இதிலே பணிவும் உண்டு, பயமும் உண்டு. கையெழுத்து வைக்கவே கை நடுங்குகின்ற ஒருவர், கல்வியைப் பற்றித் தாம் என்ன பேசுவது என்று ஒதுங்கிக்கொள்கிறார். கொட்டகைக்குக் கிடுகு வேயக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பார். வேலை முடிந்ததும் வாசலோடு திரும்பிவிடுவார். வகுப்பறைக்குள்ளே நடப்பது வேறோர் உலகம் என்பது அவரது எண்ணம்.

இந்த எண்ணம் சரிதானா? படியாத பெற்றாரால் ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு ஆகக்கூடியது சிரமதானம் மட்டுந்தானா? இக்கேள்விக்கு, நம்மைப் போலவே போரினால் ஊரை விட்டோடிய கமக்காரர் சிலர் தமது அனுபவத்தால் விடை கண்டிருக்கிறார்கள். அவர்கள் மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சல்வடோர் நாட்டு மக்கள். அவர்கள் கண்ட நன்மையோடு பட்ட தொல்லைகளையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

சிறிய நாடு, நீண்ட போர்

எல் சல்வடோர் பரப்பளவில் இலங்கையின் மூன்றிலொரு பங்குதான். சோளம், அவரை, இறுங்கு என்பன அங்குள்ள ஏழைக் கமக்காரரின் பயிர்கள். நல்ல நிலங்களோ கோப்பி, பருத்தி, கரும்புத் தோட்டங்களாகச் சிலரின் கையில் இருந்தன. காணியற்றவர்கள் கோப்பி பழுக்கும் காலத்தில் பிள்ளை குட்டிகளோடு மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போவார்கள். பள்ளிக்கூடம் இருந்த ஊர்களிலும் பிள்ளைகளின் படிப்பு இப்படியே அறுந்து அறுந்து போனது.

1980 தொடக்கம் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறக்குறைய 75,000 பேர் மாண்டனர். வடகிழக்கு மூலையில் உள்ள மொறசான் மாவட்டம் போரின் நடுவே அகப்பட்டது. 1981 டிசம்பரில் அங்குள்ள எல் மொசோட்டே என்ற ஊரிலும் அயலிலும் அரச படையினர் நூற்றுக்கணக்கான கிராமத்தவர்களைக் கொன்றனர். கொல்லப்பட்டோரில் மிகப் பலர் சிறுவர். அந்த ஆண்டுகளில் மொறசான் மக்கள் எல்லை கடந்து ஹொண்டூராஸ் நாட்டுக்கு ஓடி, கொலொமொன்காகுவா என்ற இடத்து முகாமில் தஞ்சம் புகுந்தனர். சுமார் 8,000 பேர் அங்கே வாழ்ந்தனர். முகாமைச் சுற்றி ஹொண்டூராஸ் இராணுவம் காவல் நின்றது. வெளியே போய்க் கமஞ்செய்ய வழியில்லை. கமக்காரன் ஒருவனுக்கு மண்ணைத் தொடாமல் வருடக்கணக்கில் இருப்பது எப்படிப்பட்ட வேதனை என்பதை முகாமில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகுப்புப் படித்தவரே ஆசிரியர்

முகாமுக்கு வந்த வளர்ந்தோரில் பெரும்பாலோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் இல்லை. எனவே அவர்கள் ஒரு எளிய ஒழுங்கைச் செய்தார்கள். இரண்டு வகுப்புப் படித்தவர் ஒன்றும் படியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கற்றதும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது, வளர்ந்தோருக்கும் வகுப்பு நடந்தது. தச்சுவேலை, தையல், சப்பாத்து வேலை ஆகியவற்றுக்குப் பட்டறைகளும் இருந்தன. தாய் தகப்பன் கொப்பியும் பென்சிலுமாகக் குந்தியிருப்பதைப் பிள்ளை பார்த்தது. படிப்பு என்பது சிறுவருக்கு மட்டும் விதித்த தண்டனை அல்ல என்பதை அது சொல்லாமலே விளங்கிக்கொண்டது.

1989 நவம்பரில் அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினர். அப்போது போர் முடிந்திருக்கவில்லை. அதே மாதம் 16 ஆந் திகதி தலைநகரில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு இயேசுசபைக் குருக்களும், அங்கு வேலைசெய்த பெண்மணி ஒருவரும் அவருடைய மகளும் இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். குருக்களில் ஒருவரான செகுண்டோ மொன்டேஸ் அடிகளார் அகதிகளையும் இடம்பெயர்ந்தோரையும் பற்றி ஆராய்ந்து எழுதியவர். திரும்பி வந்தவர்கள் மொறசானில் அமைத்த புதிய குடியிருப்புக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

அங்கும் போர் நடந்த பிற கிராமங்களிலும் மக்களே பாடசாலைகளைத் தொடங்கினார்கள். அரச ஆசிரியர்கள் அந்தப் பகுதிகளை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டது. ஊர் இளைஞர்களும் யுவதிகளுமே "மக்கள் ஆசிரியர்" என்ற பெயரில் கற்பித்தனர். அவர்களிற் பலர் தாங்களே ஆரம்ப வகுப்புகளை முடிக்காதவர்கள். கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து எழுத்துப் பழகினர்.

பிறேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே வகுத்த முறை அவர்களுக்குத் துணை நின்றது. மக்களின் வாழ்க்கையில் அடிபடுகின்ற சொற்களையே முதலில் எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசி, பின் எழுத்தாகப் பிரித்துக் கற்பிப்பது அந்த முறை. இதிலே படியாத தகப்பனுக்கும் இடமுண்டு. சோளத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவதற்கு அவரைவிடத் தகுந்தவர் யார்?

பெற்றார் கையில் பாடசாலை

1991 இல் எல் சல்வடோர் அரசு "எடுக்கோ" என்ற திட்டத்தைத் தொடங்கியது. "சமூகப் பங்கேற்புடனான கல்வி" என்பதன் சுருக்கம் அது. போர்க்காலத்தில் மக்கள் தாங்களே பாடசாலைகளை நடத்திய அனுபவத்தைக் கண்டே அரசு இதனை வகுத்தது. உலக வங்கி கடன் கொடுத்தது. ஏழ்மை மிக்க தூரக் கிராமங்களில் பாலர் வகுப்பும் முதல் மூன்று வகுப்புகளும் முதலில் ஆரம்பிக்கப்பட்டன.

ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றார் கூடித் தம்மிடையே ஒரு கல்விச் சங்கத்தைத் தெரிவு செய்தனர். கல்வி அமைச்சு அச்சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பியது. சங்கமே ஆசிரியரைத் தெரிந்து ஒரு வருட ஒப்பந்தத்தில் நியமித்தது, சம்பளத்தைக் கொடுத்தது, ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பார்த்தது, தளபாடம் வாங்கியது. கமக்காரர் கணக்குப் புத்தகம் எழுதப் பழகினார்கள். பெற்றாருக்கென்று தனியான பயிற்சி வகுப்புகளும் நடத்தப்பட்டன.

விளைவு என்ன? மூன்றாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிய ஆய்வொன்று 1999 இல் வெளியாயிற்று. எடுக்கோ பிள்ளைகள் மற்றப் பாடசாலைப் பிள்ளைகளைவிட ஏழைக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். அவர்களுடைய பெற்றாரின் படிப்பும் குறைவு. அப்படியிருந்தும் ஆசிரியர் வராமையால் பிள்ளைகள் படிப்பை இழந்த நாட்கள் அங்கே குறைந்திருந்தன. மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றாரும் ஊராரும் பாடசாலையோடு நெருங்கி நின்றதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் பயிர் வளரும். ஆசிரியரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வகுப்பறையில் இருக்கின்ற நாட்கள் கூடினால் படிப்பும் கூடும். அந்த நாட்களைக் கூட்டுவது பெற்றாரால் ஆகக்கூடிய காரியம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மறுபக்கம்

இனி, அங்கே எழுந்த முறைப்பாடுகளையும் கேட்க வேண்டும். முதலாவது, ஆசிரியர்களின் நிலை. வருடம் முடிந்தால் வேலை இருக்குமோ இல்லையோ என்று தெரியாத ஒருவர் எவ்வாறு மனமொன்றிக் கற்பிப்பார்? ஆசிரியர் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. இரண்டாவது, பெற்றாரின் சுமை. வயலில் நாள் முழுதும் வேலைசெய்தவர் கணக்கெழுதவும் கூட்டத்துக்குப் போகவும் சம்பளம் எதுவும் பெறவில்லை. அரசு செய்ய வேண்டிய வேலையை ஏழைகளின் தலையில் ஏற்றிவிட்டார்களா என்று பலர் கேட்டனர். மூன்றாவது, போர்க்காலம் முழுவதும் கற்பித்த மக்கள் ஆசிரியரைத் தள்ளிவிட்டு அரசு தன் கையை நீட்டுகிறதோ என்ற ஐயம். இதனால் சில கிராமங்கள் எடுக்கோ வேண்டாம் என்றே மறுத்துவிட்டன. 2009 இல் பதவிக்கு வந்த அரசு திட்டத்தைப் படிப்படியாக நிறுத்தி, அதன் ஆசிரியர்களை அரச சம்பளத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

பெற்றார் பங்கேற்பது நல்லது. ஆனால் அது அரசின் கடமைக்குப் பதிலீடு ஆகாது. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் அரசின் பொறுப்பாக இருக்கின்ற நம் நாட்டில் அதனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பெற்றார் பாடசாலைக்குள் நுழைந்து கேள்வி கேட்ட அந்தப் பழக்கத்தை மட்டுமே.

நேரத்தைத் தீர்மானித்தவர்கள்

வங்காளதேசத்தின் அனுபவமும் பயனுள்ளது. 1971 போரின்போது இந்தியாவுக்கு ஓடித் திரும்பிய அகதிகளுக்கு உதவவென 1972 இல் தொடங்கிய "பிராக்" நிறுவனம், 1985 இல் 22 சிறு பாடசாலைகளை ஆரம்பித்தது. ஒரு அறை, ஒரு ஆசிரியை, முப்பது அல்லது முப்பத்துமூன்று பிள்ளைகள். ஆசிரியை பெரும்பாலும் அந்த ஊர்க் குடும்பப் பெண். பிள்ளைகளில் பெரும்பகுதியினர் சிறுமியர். வகுப்பு எத்தனை மணிக்கு என்பதைப் பெற்றாரோடு பேசியே தீர்மானித்தார்கள். மாதம் ஒருமுறை பெற்றார் கூட்டம் நடந்தது. வீட்டிலே சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு வீட்டுவேலை என்று அள்ளிக் கொடுப்பதையும் தவிர்த்தார்கள். படிக்க வேண்டியதை வகுப்பிலேயே படித்து முடிக்கச் செய்தார்கள். பிள்ளையின் வீட்டு நிலைமையை ஆசிரியை அறிந்திருந்ததால் இது இயன்றது. அதை அவருக்கு அறியத் தருவது பெற்றாரின் பங்கு.

எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடியவை

1. பிள்ளையை நாள் தவறாமல் அனுப்புங்கள். நாற்று நடவும் வெங்காயம் கிண்டவும் இரண்டு நாள் மறிப்பது சிறு விடயம் போலத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு நாளில் ஆசிரியர் கழித்தல் கணக்கைத் தொடங்கியிருந்தால், பிள்ளை அந்தத் தவணை முழுவதும் தடுமாறும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஆசிரியருக்கு முன்னரே சொல்லுங்கள்.

2. பிள்ளையோடு பேசுங்கள். "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்று கேட்டு, அது சொல்லும்வரை பொறுத்திருங்கள். ஒன்றை வாயால் விளக்கிச் சொல்கின்ற பிள்ளைக்கு அது மனதில் நிலைக்கும். உங்களுக்குப் பாடம் தெரியாதிருப்பது இங்கே குறையல்ல. தெரியாதவருக்கு விளக்குவதில்தான் பிள்ளை கூடக் கற்கிறது. கதைகளும் விடுகதைகளும் சொல்லுங்கள். சொல்வளம் இல்லாத பிள்ளைக்கு வாசிப்புப் பிடிபடுவது கடினம்.

3. உங்கள் தொழிலில் உள்ள கணக்கைக் காட்டுங்கள். எத்தனை சுண்டு ஒரு கொத்து, ஒரு பரப்புக்கு எவ்வளவு விதைநெல், ஒரு மூடை விற்றால் செலவு போக மிச்சம் என்ன என்பதெல்லாம் கணிதமே. ஆசிரியர் கேட்டால் வகுப்புக்குப் போய் நாற்றுமேடை போடுவதையோ பாய் இழைப்பதையோ செய்து காட்டுங்கள்.

4. கொப்பியைத் திறந்து பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் நேற்று எழுதியதா, திருத்தப்பட்டதா, பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றனவா என்று கண்டுகொள்ளலாம். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளையும் கவனமாக எழுதும்.

5. பிள்ளை பட்டதை ஆசிரியருக்குச் சொல்லுங்கள். செல்லடியைக் கண்ட பிள்ளை, உறவை இழந்த பிள்ளை, பல பாடசாலை மாறிய பிள்ளை வகுப்பில் பேசாமல் இருப்பதும் திடீரென்று அழுவதும் உண்டு. காரணம் அறியாத ஆசிரியர் அதை மந்தம் என்றோ குழப்படி என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பெற்றாரைக் காசு சேர்க்கவும் புல்லுச் செருக்கவும் மட்டும் அழைத்தால் அவர்கள் வாசலோடுதான் நிற்பார்கள். பிள்ளையின் குறையைச் சொல்ல மாத்திரம் கூப்பிட்டால் அதுவும் வரமாட்டார்கள். ஒரு தாய் வரும்போது உட்கார ஒரு கதிரை கொடுத்து, பிள்ளையிடம் உள்ள ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தை வேலை நேரத்தில் வைக்காமல் மாலையில் வையுங்கள்.

நமது பாடசாலை ஒவ்வொன்றிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அடுத்த கூட்டத்திற்குத் தகப்பனும் தாயுமாகப் போங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சென்ற மாதம் எத்தனை நாட்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லாதிருந்தது? மூன்றாந் தரத்தில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் வாசிக்க வரவில்லை? அந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இவற்றை மரியாதையோடு கேட்கலாம். விடை கிடைக்கும்வரை அடுத்த கூட்டத்திலும் கேட்கலாம்.