சுமைதாங்கியும் மகப்பேறும்

எங்கள் கல்லூரியிற் பால பண்டித வகுப்பிற் பயிலும் மாணவர் சிலர், சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில் என்னுடன் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்திருந்தனர். வழிபாடு முடித்துத் திரும்பும்போது, ஒழுங்கை பெருந்தெருவைச் சேரும் முடக்கில், நிறுத்திய இரண்டு கற்களின்மேல் ஒரு நெடுங்கல் கிடையாக இருப்பதை மாணவி ஒருத்தி கண்டாள். "ஐயா, இது பழைய வாயிலொன்றின் எஞ்சிய பகுதியா?" என்று வினாவினாள். வாயிலன்று, சுமைதாங்கி என்றேன். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்துசென்ற காலத்தில், பிறர் கைகொடாமலே சுமையை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் தலைமேல் ஏற்றிச் செல்லவும் அமைத்த கல் என்று விளக்கினேன். அவள் அவ்வளவில் அமையவில்லை. "இதனை இவ்விடத்தில் வைத்தவர் யார்? எதற்காக வைத்தார்?" என்று மேலும் கேட்டாள்.

அவ்வினாவுக்கு விடையிறுக்க எனக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. ஏனெனில், அக்கல் எங்கள் குடும்பத்தார் வைத்த கல்.

கருவுற்ற பெண் மகவைப் பெறாமலே இறந்துபடின், அவள்பொருட்டு வழியிடையே சுமைதாங்கி நாட்டுதல் தமிழ்மக்களிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவள் இறக்கி வைக்கப்படாத சுமையோடு போனவள். வழிச்செல்வோர் தத்தம் சுமையை இக்கல்லில் இறக்குந்தோறும் அவள் சுமையும் இறங்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. துயரத்தை அறமாக மாற்றிய நெஞ்சங்களின் செயல் அது. அதனை நான் இகழேன். ஆயினும் இரங்குதல் வேறு, காத்தல் வேறு. இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது என் ஆச்சி கூறிய கதையினால்.

ஆச்சிக்குத் தமக்கை ஒருத்தி இருந்தாள். 1930களின் நடுப்பகுதியில், தன் இரண்டாம் பேற்றின்போது அவள் இறந்தாள். அப்பொழுது ஆச்சி பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமி. "ரெண்டு நாள் நோவு மோனை. எங்கடை ஆக்கள் எல்லாரும் வீட்டிலைதானே பெத்தவை எண்டு பெரியவை சொல்லிச்சினம்" என்று அவர் கூறியது இன்றும் என் செவியில் உள்ளது. மூன்றாம் நாள் இரவிலேதான் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் துணிந்தனர். வண்டி தேட ஒரு யாமம் சென்றது. மாரிமழையில் ஒழுங்கை முழுவதும் வெள்ளம். ஆச்சி அரிக்கன் இலாம்பைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னே நடந்தாராம். ஒழுங்கை முடக்கை அடையுமுன்னரே வண்டியினுள் ஓசை அடங்கிவிட்டது. அந்த முடக்கிலேதான் கல் நாட்டினர்.

1994ஆம் ஆண்டில் சரீன் தாடியஸ், தெபோரா மெயின் என்னும் ஆய்வாளர் இருவர், மகப்பேற்றில் தாய்மார் இறத்தற்குரிய காரணங்களை மூன்று தாமதங்களாக வகுத்துக் கூறினர். மருத்துவ உதவி நாடவேண்டும் என்று துணிவதில் தாமதம். உதவி கிடைக்கும் இடத்தை அடைவதில் தாமதம். அடைந்தபின்னர் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். அப்பகுப்பைப் படித்தபோது, ஆச்சியின் கதை எனக்கு வேறொரு கதையாகத் தோன்றிற்று. 'விதி முடிந்தது' என்று எங்கள் வீட்டார் சொன்ன இடத்தில், முதலிரண்டு தாமதங்களும் வரிசையாக நின்றன. மூன்றாவதைச் சந்திக்கும் அளவுக்கு அவள் உயிர் நீளவில்லை.

நம் சமய மரபும் இதனை அறியாததன்று. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையை நினைத்துப் பாருங்கள். பேறுகாலத்தில் மகளுக்குத் துணையிருக்க வந்த தாய், காவிரி வெள்ளத்தாற் கரையிலே தடைப்பட்டு நின்றாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. பேறுகாலத்துப் பெண்ணுக்கு வேண்டுவது இரக்கம் மட்டுமன்று, தக்க நேரத்தில் அருகே வந்து நிற்கும் துணை என்பதே அக்கதையின் உட்பொருள். வெள்ளம் வடியும்வரை காத்திருக்கட்டும் என்று இறைவன் இருந்துவிடவில்லை அன்றோ?

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த துயரம் அன்று இது. 1930களில் இலங்கையில் 1,00,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அஃதாவது, 50 பிறப்புகளுக்கு ஒரு தாய். ஒருத்தி ஆறு பிள்ளைகளைப் பெறுவாளாயின், அவள் பேற்றிலே இறக்கக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. 'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு' என்று நம் முதியோர் கூறியது அணியுரையன்று. கண்கூடாகக் கண்ட கணக்கு. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 1,00,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 30 ஆகக் குறைந்துள்ளது. ஐம்பதுக்கு ஒன்றாயிருந்தது, ஏறத்தாழ மூவாயிரத்துக்கு ஒன்றாயிற்று. செல்வம் மிகாத நாடொன்றில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

அறிவு புதிதாய்ப் பிறந்ததனால் மட்டும் நிகழ்ந்தது என்று கூறமுடியாது. அவ்வறிவிற் பெரும்பகுதி முன்னரே இருந்தது. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில், மருத்துவரும் மாணவரும் பேறு பார்த்த பிரிவில், மருத்துவிச்சியர் பார்த்த பிரிவினும் மிகுதியான தாய்மார் சூதிகா சுரத்தால் இறப்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கணக்கெடுத்துக் கண்டார். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மாணவர் பேறு பார்க்க வருவதே காரணம் எனத் துணிந்து, 1847இல் குளோரின் கலந்த சுண்ணக் கரைசலிற் கைகழுவுமாறு பணித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. அவர் கூற்றை அக்காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. ஏற்கப்படாமலே 1865இல் அவர் மறைந்தார்.

அதே 1847இலே யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அப்பெருமகனார், 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். தமிழிற் பிறதுறை அறிவு இயலாது என்பார்க்கு இந்நூல் ஒன்றே விடையாகும். 1879இற் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1898 முதல் இணுவிலில் மகளிர்க்கென மருத்துவமனை இருந்தது. ஆகவே, ஆச்சியின் தமக்கை நோவிற் கிடந்த அந்த மூன்று நாள்களில், நூலும் இருந்தது, மருத்துவமனையும் இருந்தது. இருந்தும் என்ன? நூல் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை.

படலையைத் திறந்து வந்தவள் மருத்துவமாது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையைத் தேடிவரும்வரை காத்திராது, ஊர்தோறும் சென்று நோய் வருமுன் காக்கும் முறை அது. பின்னர் அம்முறை நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது தனக்குரிய பகுதியில் வீடுவீடாய்ச் சென்று, கருவுற்றவர் யார் எனப் பதிந்து, உடல்நிலை பார்த்து, இடர் உடையோரை முன்னதாகவே மருத்துவரிடம் அனுப்பினாள். அக்காலத்தே மலேரியாவும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிருமிகொல்லி மருந்துகள் வந்தன. குருதியேற்றும் வசதி பெருகியது. கிராமப்புறங்களிலும் மருத்துவமனைகள் எழுந்தன. 1945இல் வந்த இலவசக் கல்வியையும் இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். எழுத்தறிந்த பெண்ணே தன் உடல் கூறுவதை அறிந்து, பெரியோர்முன் வாய்திறந்து 'என்னைக் கொண்டுசெல்லுங்கள்' என்று சொல்ல வல்லவள் ஆவாள். இன்று இந்நாட்டிற் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன.

இவற்றினும் நான் உயர்வாக மதிப்பது ஒன்றுண்டு. இப்பொழுது நாட்டில் நிகழும் ஒவ்வொரு மகப்பேற்று மரணமும் அறிவிக்கப்பட்டு, ஏன் நிகழ்ந்தது, எங்கே தவறியது, தடுத்திருக்க இயலுமா என்று விசாரிக்கப்படுகின்றது. ஒருவரைத் தண்டித்தற்கன்று, இனி ஒருத்தி அவ்வாறு இறவாமற் காத்தற்கே. 'விதி' என்று வாயை மூடிக்கொள்ளாது, 'ஏன்' என்று கேட்பதே நாகரிகத்தின் அடையாளம். செம்மல்வைஸ் செய்ததும் அதுவே. எங்கள் குடும்பத்தார் கல் நாட்டினர். 'ஏன்' என்று கேட்கவில்லை.

இனி அமைதி கொள்ளலாமா எனின், கூடாது. உலகில் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலும் பேற்றிலும் அதனையடுத்தும் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளொன்றுக்கு எழுநூற்றுவருக்கு மேல். பெரும்பாலானோர் காக்கப்பட்டிருக்கக் கூடியவர். நம் நாட்டிலும் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல் கடந்தே செல்லவேண்டும். மலையகத் தோட்டத்து லயங்களிலிருந்தும், வன்னியின் உட்கிராமங்களிலிருந்தும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் வழி இன்றும் நீண்டதே. தெரு குறுகாத இடத்தில் நம் துணிவு விரைவாதல் வேண்டும்.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது என்ன? மருத்துவம் கற்பித்தல் நம் தொழிலன்று. ஆயினும், சில செய்திகளைத் தெளிந்த தமிழில் எடுத்துரைத்தல் நம் கடனே. கருவுற்றமை தெரிந்தவுடன் மருத்துவமாதிடம் பதிந்துகொள்க. இருதயநோய் முதலிய பழைய பிணி எதுவாயினும் மறையாது கூறுக. இந்நாளில் தாய்மார் உயிரைக் கவர்வனவற்றுள் அவையும் உள்ளன. இரும்புச்சத்து மாத்திரையை வெறுத்தொதுக்கற்க. குருதிச்சோகை உள்ளவள் சிறிது குருதியிழப்பையும் தாங்கமாட்டாள். குருதிபடுதல், கடுந்தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திரற்க. பேற்றின்பின் நேரும் குருதிப்பெருக்கு இரண்டொரு மணி நேரத்துள் உயிரைக் கொண்டுபோகும். இவற்றைப் பெண்களுக்கு மட்டும் சொல்லி அமையாது, ஆடவருக்கும் மாமியாருக்கும் சொல்லுதல் வேண்டும். ஆச்சியின் தமக்கை ஒழுங்கையிற் காலங்கடந்து வந்ததற்குக் காரணம் அவளது அறியாமையன்று. அவளைச் சூழ்ந்திருந்தோர் துணியாமை.

மாணவிக்கு இக்கதையை ஒழுங்கை முடக்கில் நின்றே கூறினேன். அவளும் தோழியரும் கல்லின்மீது படர்ந்திருந்த கொடிகளை நீக்கினர். கல்லில் ஆண்டும் நாட்டியவர் பெயரும் தெரிந்தன. "இறந்தவரின் பெயர் எங்கே ஐயா?" என்று கேட்டாள். கல்லில் இல்லை. ஆச்சி அவளை என்றும் 'அக்கா' என்றே சொல்லி வந்தார். நானும் கேட்டு வைக்கவில்லை. ஆச்சியும் மறைந்துவிட்டார். அறுபது நூல்களின் ஆசிரியர் பெயரை மனனம் செய்த எனக்கு, அந்தப் பெயர் தெரியாது.

அன்பர்களே, நும் ஊரிலும் இத்தகைய கல் இருத்தல் கூடும். மாணவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். அது யார்பொருட்டு நின்றது என்று சொல்லுங்கள். பின்னர், அவள் ஏன் இறந்தாள் என்று அவர்களைக் கேட்கச் செய்யுங்கள். அக்கேள்வி ஊர்தோறும் எழுமாயின், இனி ஒரு சுமைதாங்கி நாட்டவேண்டிய தேவை நமக்கு இராது.