ஊரைத் தேடுமுன் எண்ணைத் தேடுங்கள்

பூர்வீகம் தேடித் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களில் பலர் 'முனுசாமி, மெட்ராஸ்' என்ற இரண்டே சொற்களை நம்பி விமானம் ஏறிவிடுகிறார்கள். இங்கே ஒரு தரகர் ஒட்டிக்கொள்கிறார். அவர் காட்டும் கிராமத்தில் மாலை போட்டுக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மெட்ராஸ் என்பது கப்பல் ஏறிய துறைமுகம், அவ்வளவுதான். சொந்த ஊர் சேலம் பக்கமாக இருக்கலாம்; விசாகப்பட்டினமாகக்கூட இருக்கலாம்.

1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. காலனியல் நம்பர் என்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

முன்னோரின் திருமண, இறப்புப் பதிவுகளிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளிலும் எண்ணைக் குறித்திருப்பது வழக்கம். தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, பழைய கையெழுத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதாவது 'வால்ட் காப்பி' வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கணினியில் அச்சிட்ட சுருக்கச் சான்றிதழை நீட்டினால், "இது போதும்" என்று வாங்கி வந்துவிடாதீர்கள். அதில் எண் இருக்காது. எண் கிடைத்ததும் டர்பன் ஆவணக் காப்பகத்திலோ, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்திலோ கப்பல் பட்டியலைப் பாருங்கள். எண்ணே கிடைக்காதவர்கள் இன்றைய குடும்பப் பெயரை முன்னோரின் சொந்தப் பெயராக வைத்துத் தேட வேண்டும். தாத்தாவின் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போன வணிகர்கள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

அடுத்த குழப்பம் ஜில்லா. பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் நேரே வேலூருக்கு ஓட வேண்டாம். அந்த ஜில்லாவின் சித்தூர்ப் பகுதி 1911-இல் தனி மாவட்டமாகி, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மீதி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்துகிடக்கிறது. 'வாண்டிவாஷ்' என்றிருந்தால் வந்தவாசி. பழைய ஜில்லா, தாலுகா விவரங்களை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். கையில் தாள் இல்லாமல் போனால், "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர அங்கே வேறு பதில் வராது. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவரையும் அப்படித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வருகிறது!

1870-இல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-இல்தான். அந்தப் போலித் தாளை ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) விண்ணப்பத்தோடு இணைத்தால் விண்ணப்பம் மட்டுமல்ல, நீங்களும் சிக்குவீர்கள். பொதுவிதிப்படி ஓசிஐ உரிமை கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரைக்கும்தான். மொரீஷியஸ் போன்ற சில நாட்டாருக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. உங்கள் தலைமுறைக் கணக்கை டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அங்கே கேட்பது தலைமுறைக்குத் தலைமுறை அறாத சான்றிதழ்ச் சங்கிலி: உங்களுடையது, பெற்றோருடையது, பாட்டன் பாட்டியுடையது, கடைசியாகக் கப்பல் பட்டியலின் சான்றளித்த நகல். மூலத்தை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். தரகர் கையில் ஒருநாளும் கொடுக்காதீர்கள். பழைய தாளை லேமினேஷன் செய்துவிடவும் வேண்டாம்.