சளி அன்று, ஒவ்வாமை

காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை. ஆனால் காலையில் அடுக்கடுக்காகத் தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, அரிக்கும் கண்கள். சாதாரணச் சளி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமைதான். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, குறுக்கே கோடு விழுந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உண்டு.

மகரந்தம், பூஞ்சை, படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி போன்றவை மூக்கினுள் நுழைந்ததும் சிலரது உடல் அவற்றைப் பகையாகக் கருதி ஹிஸ்டமினை வெளிவிடுகிறது. தும்மலும் அரிப்பும் அதனால் வருபவை.

என்னை வருத்துவது உணவு விஷயம்தான். என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு 'குளிர்ச்சி' என்று தயிர், வாழைப்பழம், கொய்யா மூன்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சத்துணவு முட்டையும் வேண்டாமாம்! பிள்ளை மெலிந்ததே தவிர, தும்மல் குறையவில்லை. மூக்கு ஒவ்வாமைக்கு உணவு காரணமாவது அரிது. குறிப்பிட்ட ஒன்றைத் தின்றதும் வாய் அரித்தால் அதை மட்டும் தவிர்க்கலாம். உதடு வீங்கினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெல்லிக்காயும் கீரையும் உடம்புக்கு நல்லவை, தும்மலுக்கு மருந்தல்ல. தேனும் அப்படியே. சூடான மிளகு ரசம் மூக்கடைப்பைச் சற்று நேரம் தளர்த்தும்; அந்த ஆறுதலை ஏன் விட வேண்டும்?

பெற்றோரிடம் நான் வலியுறுத்துவது வேறு. தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைக்க வேண்டும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம். விளையாடி வந்ததும் முகம் கழுவி உடை மாற்றட்டும். கொதித்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். குழாய்நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

பள்ளியில், பிள்ளைகள் வருமுன் பெருக்கி முடிப்பதும் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பதும் செலவில்லாத வழிகள். வளாகத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்த பெரியவர்கள் வேரோடு பிடுங்க வேண்டும். மாணவர்களை அதில் இறக்காதீர்கள்.

வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையிடம் மாத்திரை ஏதும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சில ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கம் தரும். தூக்கம் குறைவாகத் தரும் மாத்திரைகளும் உள்ளன, மருத்துவர் மாற்றித் தருவார். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளுக்கு இவர்கள் பெயரை எழுதி வையுங்கள். இரவில் இருமலும் இழுப்பும் உள்ளவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது; ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.