ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும்தான் பழகுகிறார்கள். இந்த மாதம் ஒரு பெரிய எண்ணை வைத்து எக்ஸெல் பழகலாமா? எண் இதுதான்: 293318625600. அதாவது, 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

முதலில் ஒரு சின்ன எண். எங்கள் அரியாங்குப்பம் கடைத்தெருவில் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினால் 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12க்கு 6 வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது.

இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்திகளில் மிஞ்சும் எண்களை ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1915ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரையில் 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விட்டுப்போனது. அதுதான் நம்முடைய எண்.

இப்போது எக்ஸெலைத் திறந்து ஒரு செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=2^6*3^4*5^2*7^2*11*13*17*19

விடை 2.93 என்று தொடங்கி நடுவில் ஆங்கில 'ஈ' எழுத்தோடு வரும். பயப்பட வேண்டாம். செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ், நம்பர் தேர்ந்தெடுத்து, டெசிமல் பிளேசஸ் இடத்தில் 0 கொடுங்கள். #### என்று தெரிந்தால் நெடுவரிசையை அகலமாக்குங்கள். முழு எண்ணும் தெரியும். அதை 23ஆல் பெருக்குங்கள். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும்!

வகுத்திகளை எண்ணுவதும் சுலபம். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040.

இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 வகுத்திகள் இல்லை என்று எப்படிச் சொல்வது? விநாடிக்கு 1 கோடி எண்களைச் சோதித்தாலும் 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இத்தகைய எண்களில் அடுக்குகள் வரிசையாகப் போகப் போக ஏறாது என்று ராமானுஜன் நிரூபித்திருக்கிறார். அதைப் பயன்படுத்தி புரோகிராம் எழுதினால் சோதிக்க வேண்டியவை மிகச் சில எண்களே. வேகம் கம்ப்யூட்டருடையது, வழி ராமானுஜனுடையது.

ஓர் எச்சரிக்கை. எக்ஸெல் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க ஏடிஎம் கார்டு எண்ணை அப்படியே டைப் செய்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். நீண்ட எண்களுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டு டைப் செய்யுங்கள், எண் மாறாது.

அடுத்து 720720க்கு முயன்று பாருங்கள். 240 வகுத்திகள் வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்!