வால் இழந்த வைட்டமின்

வைட்டமின் மாத்திரையை அறியாதவர் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் எகிப்தியக் கடவுள் ஒளிந்திருக்கிறார் என்பது தெரியுமா?

'வீட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கு உயிர் என்று பொருள். பின்பாதியான 'அமின்', அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரஜன் சேர்மங்களின் பொதுப்பெயர். அம்மோனியா கிரேக்க வழி வந்த பெயர். எகிப்தியரின் ஆமுன் என்னும் கடவுளைக் கிரேக்கர்கள் 'அம்மோன்' என்றனர். (நம் ஊர் அம்மனுக்கும் அவருக்கும் உறவில்லை!) பாலைவனச் சோலையான சீவாவில் அவருக்குக் கோயில் இருந்தது. அந்த வட்டாரத்து உப்பு 'அம்மோனின் உப்பு' எனப்பட்டது. பிற்காலத்தில் இப்பெயர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரத்துக்கு வந்து சேர்ந்தது. நவச்சாரத்திலிருந்து பெற்ற வாயு அம்மோனியா ஆயிற்று.

உயிரையும் அமினையும் ஒட்டவைத்தது பெரிபெரி என்னும் நோய். கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், இதயம் பழுதாகி உயிரே போகும். அன்று டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில், 1890-ஐ ஒட்டி, எய்க்மன் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்தார். அவருடைய கோழிகளும் நடக்க முடியாமல் விழுந்தன. திடீரென்று ஒருநாள் அவை குணமாகத் தொடங்கின! விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அதுவரை அவை தின்றது ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, தீட்டிய அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையற்காரரோ, ராணுவச் சோற்றை வெளிக்கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் அவற்றுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது. தவிட்டோடு போகும் ஏதோ ஒரு சத்து இல்லாததே நோய்க்குக் காரணம் என்று 1901-ல் தெளிவாகச் சொன்னவர், எய்க்மனின் பணியைத் தொடர்ந்த கிரின்ஸ்.

அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து பிரிக்க லண்டனில் முயன்றவர் போலந்து நாட்டில் பிறந்த காசிமிர் ஃபங்க். அதில் நைட்ரஜன் இருக்கக் கண்டு, அமின் என்று கருதினார். ஸ்கர்வி முதலிய நோய்களைத் தடுக்கும் பொருள்களும் இவ்வாறே இருக்கும் என்று ஊகித்து, 1912-ல் எல்லாவற்றுக்கும் 'உயிர் அமின்' என்று பொருள்படப் பெயர் சூட்டினார்.

ஊகம் பாதிதான் பலித்தது. எலுமிச்சையிலும் நெல்லிக்கனியிலும் உள்ள வைட்டமின் சி-யில் நைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. பெயரை மாற்றலாமா? அதற்குள் அது பரவிவிட்டது. 1920-ல் டிரம்மண்ட் என்ற ஆங்கிலேயர் எளிய வழி கண்டார். அமின்களின் பெயருக்கு அடையாளமாக ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் நிற்கும் 'ஈ' என்னும் எழுத்தை நீக்கிவிட்டார். வால் போயிற்று, பெயர் பிழைத்தது. ஏ, பி, சி என்று எழுத்திட்டு அழைக்கும் முறையும் அவர் சொன்னதே.

வேடிக்கை என்னவென்றால், பெரிபெரியைத் தடுக்கும் தவிட்டுச் சத்தான தயமின் உண்மையிலேயே ஓர் அமின்தான். தமிழில் 'உயிர்ச்சத்து' என்று பெயரிட்டவர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. இலத்தீன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மோனைச் சீவாவிலேயே விட்டுவிட்டார்கள்.