தியோடர் ஹப்பேக்: வேட்டைக்காரர் வனக்காவலரான கதை



குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரத் தோட்டங்களில் யானை புகுந்தது என்னும் செய்தி ஜொகூர் மக்களாகிய நமக்குப் புதிதன்று. இரவோடு இரவாக வந்து, இளஞ்செம்பனையின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டு, லயத்துக்குப் பின்னால் நாம் வைத்த வாழையையும் சாய்த்துவிட்டுப் போகிறது. விடிந்ததும், "இந்தப் பாழும் யானைக்கு வேறு போக்கிடமே இல்லையா?" என்று நாம் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகவே தம் பிற்கால வாழ்வைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம். அவர் பெயர் தியோடர் ராத்போன் ஹப்பேக். அவர் ஓர் ஆங்கிலேயர், கிரிக்கெட் விளையாட்டுக்காரர், ரப்பர்த் தோட்டத் தொழிலில் இறங்கியவர், பேர்பெற்ற வேட்டைக்காரரும் ஆவார்.

ஹப்பேக் 1872-ஆம் ஆண்டில் பிறந்தார். லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த வசதியான குடும்பம் அவருடையது. கோலாலம்பூருக்குப் போனவர்கள் ஜாமெக் பள்ளிவாசலையும் பழைய இரயில் நிலையத்தையும் பார்த்திருப்பீர்கள். அவ்விரண்டையும் வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பேக், இவருடைய உடன்பிறந்தவரே.

1892-ஆம் ஆண்டில் தியோடர், லங்காஷயர் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். அந்நாளில் ஆட்டக்காரர்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஆடுவதற்குக் கூலி வாங்குவோர் ஒரு வகை. கூலி வாங்காமல் ஆடும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மற்றொரு வகை. ஒரே அணியில் ஆடினாலும், பல திடல்களில் உடை மாற்றும் அறையும் இருசாராருக்கும் வெவ்வேறாக இருந்தது. 1962-ஆம் ஆண்டில்தான் இந்த வேறுபாட்டை இங்கிலாந்தில் நீக்கினார்கள். ஹப்பேக் கூலி வாங்காத வகையினர். வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலை இல்லாதவருக்கே அப்படி ஆட முடிந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் அவர் மலாயாவுக்கு வந்தார். பொறியியல் பணிகளிலும் ரப்பர்த் தோட்டத் தொழிலிலும் ஈடுபட்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் துப்பாக்கியுடன் காட்டுக்குள் நுழைந்தார். யானையையும், மலாய்க்காரர்கள் செலாடாங் என்று அழைக்கும் காட்டு மாட்டையும் வேட்டையாடிய அனுபவங்களை 1905-ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார். இந்நாட்டுச் செலாடாங்குக்கு விலங்கியல் அறிஞர்கள் வைத்த பெயரிலும் 'ஹப்பேக்' என்பது சேர்ந்திருக்கிறது.

அதே காலத்தில் மலாயாவின் முகமே மாறிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம் ஏக்கரே இருந்த ரப்பர், 1920-களில் இருபது இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அந்தக் காட்டை வெட்டி, எரித்து, கன்று நட்டவர்கள் யார்? கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார்களும் அவர்களுள் அடங்குவர். காடு சுருங்கச் சுருங்க, விலங்குகள் தோட்டத்தின் ஓரத்துக்கு வந்தன. பயிரைக் காக்கத் துப்பாக்கி. தந்தத்துக்கும் கொம்புக்கும் துப்பாக்கி. விலங்குகள் வேகமாகக் குறைந்தன.

இந்த நிலையில்தான் ஹப்பேக் வேட்டைக்காரர் என்ற நிலையிலிருந்து பாதுகாவலராக மாறினார். பகாங் மாநிலத்தின் கௌரவ வனவிலங்குக் காப்பாளராகப் பணியாற்றினார். கௌரவப் பதவி என்றால் சம்பளம் இல்லாத பதவி. அவர் முயற்சியால் 1925-ஆம் ஆண்டில் தாஹான் மலைப் பகுதி காப்பகமாக ஒதுக்கப்பட்டது.

எல்லாரும் அவரை ஆதரித்துவிடவில்லை. "பயிரை அழிக்கும் மிருகத்துக்குச் சட்டப் பாதுகாப்பா?" என்று தோட்டத் தொழில் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. 1930-ஆம் ஆண்டில் அரசாங்கம் வனவிலங்கு ஆணையம் ஒன்றை அமைத்து, அதன் பொறுப்பை ஹப்பேக்கிடமே ஒப்படைத்தது. அவர் பலரிடம் சாட்சியம் கேட்டு, 1932-ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். குடியானவனின் பயிரும் பிழைக்க வேண்டும், விலங்கும் பிழைக்க வேண்டும். அதற்கு வழி, தோட்டங்களுக்கு எட்டாத பெரிய காட்டுப் பரப்பை விலங்குகளுக்கென்றே சட்டத்தின் மூலம் ஒதுக்கி வைப்பதுதான். அவர் வாதத்தின் சாரம் இதுவே.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் இதற்கு இணங்கின. 1938, 1939-ஆம் ஆண்டுகளில் சட்டம் இயற்றப்பட்டு, 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் தேசியப் பூங்கா உருவாயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர் 'தாமான் நெகாரா' என்று பெயர் பெற்றதும் இப்பூங்காவே. ஹப்பேக் 1942-ஆம் ஆண்டில், ஜப்பானியப் படையெடுப்பின் காலத்தில் மறைந்தார்.

அவர் கவலைப்பட்டது வீண்போகவில்லை என்பதற்குக் காண்டாமிருகமே சான்று. 1939-ஆம் ஆண்டில் இரட்டைக் கொம்புக் காண்டாமிருகத்தைப் பற்றி அவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அப்போது அது நம் காடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகம் 2019-ஆம் ஆண்டில் சபாவில் இறந்தது. இனி அதைப் படத்தில்தான் நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

யானை அந்த நிலையை அடையவில்லை. ஜொகூர் அரசு 1993-ஆம் ஆண்டில் எண்டாவ் ரொம்பின் காட்டைப் பூங்காவாக அறிவித்தது. தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்து இடம் மாற்றும் பணியை வனவிலங்குத் துறை 1974-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவற்றுள் பல, ஹப்பேக் பாடுபட்டுப் பெற்றுத் தந்த தாமான் நெகாராவிலேயே விடப்பட்டன.

ஆனாலும் யானை திரும்பத் திரும்ப வருகிறதே, ஏன்? வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி வேண்டும். அது தன் கூட்டம் நடந்து பழகிய தடத்தை எளிதில் விடாது. அந்தத் தடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. குருத்தோ இனிப்பானது, வந்த வேலையும் எளிதில் முடிந்துவிடுகிறது.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. யானையைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து விரட்ட வேண்டாம். குட்டியுடன் உள்ள யானையிடம் நெருங்கவே வேண்டாம். உடனே நிர்வாகத்துக்கும் வனவிலங்குத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மின்வேலி அறுந்திருப்பதைப் பால்வெட்டுக்கோ குலை வெட்டவோ போகும்போது கண்டால், நமக்கென்ன என்று கடந்து போகாமல் சொல்லிவிட வேண்டும். காட்டுப் பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு வைப்பதைக் கைவிட வேண்டும். அதில் யானைக் குட்டியும் புலியும் சிக்கிக் காலை இழக்கின்றன. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமுமாகும்.

ஹப்பேக்கின் ஆணையம் நடந்த காலத்தில், காட்டோரத்தில் வாழ்ந்த தோட்டப் பாட்டாளியின் குரல் பெரிதாகக் கேட்கவில்லை. இன்று சாய்ந்த வாழைக்கும் மிதிபட்ட காய்கறிப் பாத்திக்கும் கணக்குச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. அதைச் சொல்வோம். கூடவே, யானைக்கும் போக்கிடம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அதற்குப் போக்கிடம் இருந்தால்தான் நம் வாழையும் பிழைக்கும்.