மூலைக்கல் அசைந்தால் வேலி தொய்யும்

அல்லிநகரத்தில் மலையடிவாரத் தோட்டங்களுக்கு வேலி இல்லாமல் முடியாது. கிளுவை வேலிக்குச் செலவு குறைவு. ஆனால் அடர்ந்து வர ஆண்டுகள் ஆகும். எனவே கல்கால் ஊன்றிக் கம்பி கட்டுவோர் உண்டு. கட்டிய வேலி இரண்டாம் மழைக்கே தொய்ந்து ஆடு புகுந்தால் கம்பியைக் குறை சொல்வார்கள். தவறு பெரும்பாலும் மூலைக்கல்லில்தான்.

விறைப்பான எஃகுக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 100 கிலோ இழுப்பில் நிற்க வேண்டும். ஐந்து வரி கட்டினால் 500 கிலோ. அதைத் தாங்குவது மூலைக்கல். நடுக்கற்கள் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி.

மூலைக்குத் தடித்த 8 அடிக் கல் வேண்டும். 3 அடி ஆழத்தில் ஊன்றி, மண்ணும் சரளையும் சிறுகச் சிறுகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். மூலையில் கம்பி இரு திசையிலும் இழுப்பதால் முட்டுக்கல்லும் இரண்டு வேண்டும். அவை கம்பி ஓடும் வரிசையிலேயே சாய்ந்திருக்க வேண்டும்.

இடத்தையும் கல்லையும் மிச்சம் பிடிக்க முட்டுக்கல்லை நிமிர்த்தி வைப்பது வீண் வேலை. அது மூலைக்கல்லைத் தாங்காது, நெம்பிக் கிளப்பும். மூலையிலிருந்து 6 அடி தள்ளி அதன் அடி அமையட்டும். அடியில் தட்டைக்கல் ஒன்றைப் புதைத்தால் மண்ணில் இறங்காது. தலை, மூலைக்கல்லின் முக்கால் உயரத்தில் முட்டட்டும்.

சித்திரை உச்சி வெயிலில் கம்பியை இறுக்கக் கூடாது. வெயிலில் நீண்ட கம்பி மார்கழிக் குளிரில் சுருங்கி, மூலையை மேலும் இழுக்கும். காலை வேளையே நல்லது.

ஆடு தாண்டுவதைவிட நுழைவதே அதிகம். இடுக்கு எங்கே என்று அதற்குத் தெரியும். கீழ் வரிகளுக்கு இடையே அரையடிக்கு மேல் விட வேண்டாம். எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுக்காதீர்கள். அது ஆளையும் மாட்டையும் கொல்லும், சட்டப்படியும் குற்றம்.

முதல் மழை ஓய்ந்ததும் மூலைக்கல்லை ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் உடனே மண் கெட்டித்துவிட்டுப் பிறகு கம்பியை இறுக்கலாம்.